இன்றியமையாமை: மெக்சிகோ ஓநாய் மீட்பில் எழும் ஓர் அறச்சிக்கல்

முன்னுரை

தமிழில் அறம் பற்றிய ஆராய்ச்சி பெரும்பாலும் மாந்தர்க்கிடையிலான உறவுகளைச் சுற்றியே அமைந்துள்ளது. விலங்கு அதனுள் இடம்பெறும்போதும் கொல்லாமை, புலால் மறுத்தல் ஆகிய தலைப்புகளின்கீழ், ஒருவன் கையால் நேரும் ஒரு சாவை முன்வைத்தே பேசப்படுகிறது. ஓர் அரசு திட்டமிட்டு ஒரு விலங்கினத்தை அழித்து, சில தலைமுறை கழித்து அதே அரசு அதனைத் திரும்பக் கொண்டுவருமாயின், அங்கு யார் யாருக்குக் கடன்பட்டவர் என்னும் வினா அத்தலைப்புகளுள் அடங்குவதில்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மேற்கில், அரிசோனா, நியூ மெக்சிகோ மாநிலங்களில் நடைபெற்றுவரும் மெக்சிகோ ஓநாய் மீட்பு இவ்வினாவைக் கூர்மையாக எழுப்புகிறது. அம்முயற்சியில் ஆளப்படும் இரண்டு சொற்களை அறநோக்கில் ஆராய இக்கட்டுரை முற்படுகிறது. ஒன்று, சட்டம் அவ்வோநாய்க்கு இட்ட ‘இன்றியமையாததன்று’ என்னும் அடைமொழி. மற்றொன்று, இறந்த மாட்டுக்கு இழப்பீடு பெற வேண்டிய பண்ணையாளரிடம் கேட்கப்படும் ‘உறுதி’.

அழிவும் கழுவாயும்

வட அமெரிக்கச் சாம்பல்நிற ஓநாயின் துணையினங்களுள் மெக்சிகோ ஓநாய் உருவில் சிறியது; மரபணு நிலையில் பிறவற்றினின்று பெரிதும் விலகியது. வளர்ந்த விலங்கு 23 முதல் 36 கிலோ வரை எடையுடையது. எல்க் மான் அதன் முதன்மை இரை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மாட்டுப்பண்ணைகள் பெருகி, மான்கள் மனிதர் வேட்டையால் அருகியபோது, அது மாட்டை நாடியது. பண்ணையாளர் அரசிடம் முறையிட்டனர். 1915இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஊனுண்ணி விலங்குகளை ஒழிக்க நிதி ஒதுக்கியது. அரசு ஊதியம் பெற்ற வேட்டைக்காரர் பொறியும் நஞ்சும் துப்பாக்கியும் கொண்டு அப்பணியைச் செய்தனர். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அமெரிக்கத் தென்மேற்கில் அவ்வோநாய் ஏறத்தாழ இல்லாதொழிந்தது. இது காலப்போக்கில் தானே நேர்ந்த அழிவன்று. மக்கள் வரிப்பணத்தில் நிறைவேற்றப்பட்ட ஓர் அரசுத் திட்டம் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

அருகிவரும் உயிரினங்கள் சட்டம் 1973இல் இயற்றப்பட்டது. 1976இல் மெக்சிகோ ஓநாய் அச்சட்டத்தின் பட்டியலில் சேர்ந்தது. முன்னர்ப் பண்ணையாளருக்காக ஓநாய் பிடித்துவந்த ராய் மெக்பிரைடு என்பாரே, எஞ்சியவற்றை உயிருடன் பிடித்துத்தர அமர்த்தப்பட்டார். 1977க்கும் 1980க்கும் இடையில் மெக்சிகோ நாட்டின் துராங்கோ, சிவாவா மாநிலங்களில் அவர் ஐந்து ஓநாய்களைப் பிடித்தார். முன்பே காப்பிடங்களில் இருந்த வேறிரு மரபுகளையும் சேர்த்துக் கணக்கிட்டால், இன்று உயிரோடிருக்கும் மெக்சிகோ ஓநாய்கள் அனைத்துக்கும் மூதாதையர் ஏழே விலங்குகள். காப்பிடத்தில் பிறந்தவற்றுள் 11 ஓநாய்கள் 1998 மார்ச் 29 அன்று அரிசோனாவின் அப்பாச்சி தேசியக் காட்டில் விடப்பட்டன. 2024ஆம் ஆண்டின் இறுதியில் எடுக்கப்பட்ட கணக்கின்படி இரு மாநிலக் காடுகளிலும் குறைந்தது 286 ஓநாய்கள் இருந்தன.

இதே அப்பாச்சிக் காட்டில்தான் 1909இல் ஆல்டோ லியோபோல்டு என்னும் இளைஞர் வனத்துறைப் பணியில் சேர்ந்தார். அங்கு ஓநாயைச் சுட்டவர்; ஊனுண்ணிகளை ஒழிக்க வேண்டும் எனச் சில ஆண்டுகள் வாதிட்டவரும்கூட. சுடப்பட்ட ஒரு பெண் ஓநாயின் கண்ணில் அணைந்த ஒளியைப் பற்றி 1944இல் அவர் எழுதிய சிறு கட்டுரை, அவர் மறைவுக்குப்பின் 1949இல் வெளிவந்த நூலில் இடம்பெற்றது. அமெரிக்கச் சூழலறத்துக்கு அது தோற்றுவாய் போல மதிக்கப்படுகிறது. லியோபோல்டின் வருத்தம் உண்மையானது. அதனை ஐயுற இடமில்லை. எனினும் அக்கட்டுரையைப் போற்றுவோர் ஒன்றைக் கடந்துசெல்கின்றனர். வருந்தியவர் ஒருவர், கழுவாயின் செலவு விழுவதோ பிறர்மீது. நகரில் வாழ்ந்து ஓநாயின் மீட்சியை வரவேற்கும் பல்லாயிரவர்க்கு அதனால் ஓரிரவுத் தூக்கமும் கெடுவதில்லை. காட்டோரத்தில் இருநூறு, முந்நூறு மாடு வைத்திருக்கும் குடும்பத்துக்குக் கெடுகிறது.

இதற்கு மறுப்பும் உண்டு. அம்மாடுகள் மேய்வது பெரும்பாலும் பொதுமக்களுக்குரிய தேசியக் காடுகளில். ஒரு பசுவும் கன்றும் ஒரு திங்கள் மேய்வதற்கு 2024இல் பெறப்பட்ட கட்டணம் 1.35 டாலர். மேய்ச்சல் உரிமம் ஒரு சலுகையே அன்றிச் சொத்துரிமை அன்று எனச் சட்டம் கூறும். ஆனால் பண்ணை கைமாறும்போது உரிமத்தின் மதிப்பும் விலையில் சேர்ந்தே கைமாறுகிறது. வாங்கியவர் அதற்கும் கடன்பட்டே வாங்கியிருக்கிறார். ஓநாயை ஒழித்துத் தந்து மேய்ச்சலை ஊக்குவித்ததும் அதே அரசு. எனவே பண்ணையாளரை நிலத்தைப் பறித்தவர் எனலும், குற்றமறியாத ஏழை எனலும் ஒருசேரப் பிழையாகும். அவர் ஒரு பழைய அரசுக் கொள்கையின் வாரிசு. ஓநாயும் அதே கொள்கையின் எச்சம்.

சட்டம் இட்ட அடைமொழி

1982இல் மேற்குறித்த சட்டத்தில் ஒரு திருத்தம் செய்யப்பட்டது. மீள்குடியேற்றப்படும் விலங்குத்தொகையைச் ‘சோதனைத்தொகை’ என வகைப்படுத்தவும், அதன் இழப்பு அவ்வினம் காட்டில் பிழைத்திருக்கும் வாய்ப்பைப் பெரிதும் குறைக்காது எனின் அதனை ‘இன்றியமையாததன்று’ என அறிவிக்கவும் அது வழிசெய்தது. அறிவிக்கப்பட்டால் சட்டத்தின் பிடி தளரும். மாட்டைக் கொல்லும் ஓநாயை அலுவலர் பிடித்து அகற்றலாம்; சுடவும் செய்யலாம். தம் சொந்த நிலத்தில் மாட்டைத் தாக்கிக்கொண்டிருக்கும் ஓநாயைப் பண்ணையாளரும் சுடலாம். 1998இல் விடப்பட்ட ஓநாய்கள் இவ்வகையிலேயே விடப்பட்டன.

வியப்பு யாதெனில், அந்த 11 ஓநாய்களைத் தவிர அன்று உலகின் எந்தக் காட்டிலும் அத்துணையினம் இருந்ததாக அறியப்படவில்லை. காட்டில் உள்ள ஒரே தொகை, காட்டில் அவ்வினம் நிலைப்பதற்கு இன்றியமையாததன்று! கூண்டில் உள்ளவற்றைக் கொண்டு மீண்டும் தொடங்கலாம் என்பது அரசுத்தரப்பு வாதம். இன்றி, அமையாமை என இச்சொல்லைப் பிரித்து நோக்கினால் எது இன்றி எது அமையாது என்னும் ஈரிடமும் நிரம்பியாக வேண்டும். வள்ளுவர் நீரைப் பற்றி இவ்வாய்பாட்டை ஆளும்போது ஈரிடமும் நிரம்பியிருக்கின்றன. சட்டத்தில் இரண்டாவது இடம் வழுக்கிக்கொண்டே செல்கிறது. காட்டில் வாழ்வது பற்றிய கேள்விக்குக் கூண்டில் வாழ்வது விடையாக நிறுத்தப்படுகிறது. இத்தொகையின் இன்றியமையாமையை மீண்டும் ஆராயாமல் பழைய முடிவையே தொடர்ந்தது தவறு என அரிசோனாவின் கூட்டரசு மாவட்ட நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. 2022இல் வந்த புதிய விதி, ஓநாய்களின் எண்ணிக்கைக்கு இருந்த உச்சவரம்பை நீக்கியது. அடைமொழியை மட்டும் நீக்கவில்லை.

இவ்வடைமொழிக்கு ஓர் உட்காரணம் உண்டு. அஃது இல்லையேல் பண்ணையாளரின் எதிர்ப்பால் ஓநாய் காட்டுக்குத் திரும்பியே இராது என்பர். அதாவது மெய்யல்லாத ஒரு சொல், ஒரு நன்மைக்காகக் கொடுக்கப்பட்ட விலை. இங்குத் திருக்குறளின் வாய்மை அதிகாரம் நினைவுக்கு வருதல் இயல்பு. மாசற்ற நலம் தருமாயின் பொய்க்கும் அங்கு இடமுண்டு. அவ்வதிகாரம் இட்ட நிபந்தனையை வைத்தே இதனை அளக்கலாம். விளைந்த நன்மை மாசற்றதா? 2005 முதல் 2009 வரை நடைமுறையில் இருந்த ஒரு வழிகாட்டு நெறியின்படி, ஓராண்டுக்குள் மூன்று முறை கால்நடையைக் கொன்ற ஓநாய் காட்டிலிருந்து நிலையாக அகற்றப்பட்டது. ‘இன்றியமையாததன்று’ என்னும் சொல்லே அதற்கு வாயில் திறந்தது. தொடக்கத்தில் அச்சொல்லுக்கு ஒரு நியாயம் இருந்திருக்கலாம். அடுத்தடுத்து விதி திருத்தப்பட்டபோதும் அதனையே பிடித்துக்கொண்டிருந்தமைக்கு அதே நியாயம் பொருந்தாது. பொய்யை ஒரு முறை விலையாகக் கொடுப்பது வேறு. அதனையே வாழ்வுக்கான நிலையான வாடகையாக்குவது வேறு.

ஓர் உயிரும் ஓர் இனமும்

அகற்றப்படுவது ஓர் ஓநாய், காக்கப்படுவது ஓரினம் என்று இதற்கு அமைதி கூறுவர். மெய்யியலாருக்குள் இது பழைய வழக்கு. உயிரினத்தை ஒரு வரலாற்று ஓட்டமாகக் கருதி, அவ்வோட்டத்தின்பால் மனிதர்க்குக் கடமை உண்டு என்றார் ஹோம்ஸ் ரோல்ஸ்டன். தனி உயிரை முழுமையின் பொருட்டுப் பலியிடும் கொள்கையைச் சூழல் பாசிசம் எனச் சாடினார் டாம் ரீகன்; அவரது நூல் 1983இல் வெளிவந்தது. ஓநாய்ச் சிக்கலில் இவ்விருவர் வழக்கும் எதிர்பாராத வகையில் ஒன்றாகிறது. ஏழு மூதாதையரின் வழிவந்தமையால், காட்டிலுள்ள ஓநாய்கள் சராசரியாக உடன்பிறப்புகளின் அளவுக்கு நெருங்கிய மரபணு உறவுடையன. வேறெங்கும் அரிதான ஒரு மரபுக்கூற்றை ஒரு விலங்கு தாங்கியிருக்கலாம். அதனைச் சுட்டால் எண்ணிக்கையில் ஒன்று குறைகிறது. இனத்தின் வருங்காலத்தில் எவ்வளவு குறைகிறது என்பதை எண்ணிக்கை காட்டாது. இனத்தின் பொருட்டு உயிரை விடலாம் என்னும் வாதம், இனமே சில உயிர்களில் குவிந்திருக்கும்போது தன் காலையே வெட்டிக்கொள்கிறது. காப்பிடத்தில் பிறந்த குட்டிகளைக் காட்டு ஓநாயின் வளையில் கொண்டுபோய்ச் சேர்க்கும் முறை இம்மரபணு நெருக்கடியால் வந்தது. தாய் அவற்றையும் தன் குட்டிகளோடு வளர்த்துவிடுகிறது.

உறுதி என்னும் சுமை

பண்ணையாளர் பக்கத்தில் இதற்கிணையாக நிற்கும் சொல் ‘உறுதிசெய்யப்பட்ட’ என்பது. மாட்டை ஓநாய்தான் கொன்றது என உறுதியானால் இழப்பீடு கிடைக்கும். உறுதி எவ்வாறு பெறப்படுகிறது? அலுவலர் வந்து இறந்த மாட்டின் தோலை உரித்துப் பார்ப்பார். கடிபட்ட இடத்தில் தோலின்கீழ்க் குருதி கசிந்து கட்டியிருந்தால், கடிக்கும்போது மாடு உயிரோடிருந்தது என்பது பெறப்படும். இல்லையேல் தானே இறந்ததை ஓநாய் பின்னர்த் தின்றதாகவும் இருக்கலாம். பற்குறிகளின் இடைவெளியும் அளக்கப்படும். முறை அறிவியல் சார்ந்தது, குறைகூற இயலாது. ஆனால் நிலம் அதற்கு ஒத்துழைப்பதில்லை. பள்ளத்தாக்கும் முட்புதருமான ஹீலா மலைக்காட்டில், ஆண்டு முழுவதும் மேயவிடப்பட்ட மாடு ஒன்று இறந்து கிடப்பது சில நாள் கழித்தே தெரியவரும். அதற்குள் கழுகும் கயோட்டியும் கரடியும் வந்துபோயிருக்கும். சிறுகன்றாயின் எலும்பும் எஞ்சாது. சான்று இல்லாதபோது இழப்பும் இல்லை என ஏடு எழுதிக்கொள்கிறது.

இழந்தவனே மெய்ப்பிக்க வேண்டும் என்பது வழக்குமன்றத்தில் பொருந்தும் நெறி. வாதியும் பிரதிவாதியும் அங்குச் சமமானவர். இங்கு ஓநாயைக் கொண்டுவந்து விட்டது அரசு. அதற்குக் கழுத்துப்பட்டை மாட்டி நடமாட்டத்தைத் தொடர்வதும் அரசு. மெய்ப்பிக்க வேண்டியவர் மட்டும் பண்ணையாளர். பொதுநலனுக்காக வைக்கப்பட்ட ஆபத்தின் சான்றுச்சுமையைத் தனியொருவர் தலையில் ஏற்றுவது நீதியன்று. இவ்வகையில் பண்ணையாளரின் குறைபாடு வலுவானது. ஓநாயை அகற்ற வேண்டும் என்னும் அவர்தம் முடிவு அதிலிருந்து பெறப்படாது என்பது வேறு செய்தி.

2014இல் பண்ணையாளர், சூழல் ஆர்வலர், பழங்குடியினர் அடங்கிய ஒரு குழு வேறொரு முறையை வகுத்தது. இறந்த மாட்டுக்கு மட்டுமன்றி, ஓநாய் வாழும் இடத்தில் மாடு வைத்திருப்பதற்கே பணம் என்பது அதன் அடிப்படை. அறநோக்கில் இதன் வேறுபாடு பெரிது. முன்னைய முறையில் ஓநாய் குற்றவாளி, பணம் தண்டம். பின்னதில் ஓநாய் அவ்விடத்து வாழ்நர். பணம் அதன் இருப்பைத் தாங்குவோர்க்குப் பொதுமக்கள் தரும் பங்கு.

நிலத்துக்கு உரியோர்

தொல்காப்பியம் கருப்பொருளை வகுக்கும்போது, ஒரு நிலத்தின் விலங்கையும் அந்நில மாந்தரின் தொழிலையும் ஒரே நிரலில் வைக்கிறது. ‘மா’வும் ‘செய்தி’யும் அங்கு அண்டை அயலார். செய்யுளுக்கான இவ்வகைப்பாட்டிலிருந்து அறநெறி ஒன்றை உருவி எடுத்தல் மிகையாகும். ஒன்று மற்றொன்றைத் தின்னும்போது செய்யவேண்டுவது யாது என அந்நிரல் சொல்லவில்லை. ஆயினும் விலங்கு முந்தியதா தொழில் முந்தியதா என்று அது கேட்காமை கருதத்தக்கது. தென்மேற்கில் அக்கேள்வியே ஓயாமல் கேட்கப்படுகிறது. அங்ஙனம் கேட்கும் இருதரப்பாரும் அப்பாச்சி மக்களை மறந்துவிடுகின்றனர். அவருள்ளும் ஒருமித்த கருத்தில்லை. ஒயிட் மவுண்டன் அப்பாச்சியர் தம் நிலத்தில் ஓநாய்க்கு இடமளித்துள்ளனர். அண்டையிலுள்ள சான் கார்லோஸ் அப்பாச்சியர் அளிக்கவில்லை.

ஓநாயைப் பற்றிய அச்சத்தில் மொழிக்கும் பங்குண்டு. ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாய் என்னும் வழக்கு விவிலியத்தின்வழித் தமிழுக்கும் வந்துவிட்டது. (திருக்குறளிலோ புலித்தோல் போர்த்து மேய்வது பசு, பழி அங்கு மேய்வதைச் சாரும்.) நியூ மெக்சிகோவின் கேட்ரன் மாவட்டத்தில் பள்ளிப் பேருந்துக்குக் காத்திருக்கும் சிறுவர்க்காக ஓநாய் புகாத கூண்டுகள் அமைக்கப்பட்டன. மீட்புத் தொடங்கியபின் மெக்சிகோ ஓநாய் மனிதரைத் தாக்கியதாகப் பதிவு இல்லை. எனினும் பிள்ளையைக் கூண்டில் நிறுத்திய தாயிடம் பதிவேட்டைக் காட்டுவது விடையாகாது. 2025இல் அம்மாவட்ட ஆட்சிக்குழு ஓநாய் காரணமாக நெருக்கடிநிலை அறிவித்தது. அதே ஓநாய்க்கு அச்சமே பெரும்பகை. அவற்றின் சாவுக்கு முதற்காரணம் சட்டத்துக்குப் புறம்பாகச் சுடப்படுதல்.

இருப்புக்குப் பணம் என்னும் திட்டம் வந்தபின்னும் அதனைப் பெற மறுக்கும் பண்ணையாளர் உளர். பணத்தை ஏற்றால் ஓநாயை ஏற்றதாகிவிடும் என்பது அவர்தம் வாதம். பொருளியலார்க்கு இது பிடிவாதமாகத் தோன்றலாம். தம் இசைவு கேட்கப்படாமலே ஒரு முடிவு எடுக்கப்பட்டது என்பதை அறிவிக்க அவர்க்கு எஞ்சியிருப்பது அம்மறுப்பு ஒன்றே. விலை பேசுவோர் இழப்பின் அளவைப் பேசுகின்றனர். மறுப்பவரோ, ‘இன்றியமையாததன்று’ என்னும் அடைமொழி தம்மீதும் இடப்பட்டுவிட்டது எனக் கருதுகின்றனர்.