சுகப்பிரசவம் யாருக்குச் சுகம்?

"முதுகுல ஊசி போட்டுட்டா அப்புறம் ஆபரேஷன்தான்." ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எந்தத் தெருவிலும் இதைக் கேட்கலாம். இது முட்டாள்தனத்தில் பிறந்த நம்பிக்கை இல்லை. நம்மூர்ப் பெண்களில் பெரும்பாலோருக்கு முதுகில் ஊசி என்றாலே சிசேரியனுக்காக இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்யும் ஸ்பைனல் ஊசிதான். மெல்லிய குழாய் வழியாக மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தி, பிரசவ வலியை மட்டும் குறைக்கும் எபிடியூரலை அவர்கள் பார்த்திருக்க வாய்ப்பு குறைவு. ஊசி போட்டவளுக்கு ஆபரேஷன் நடந்தது உண்மை. காரணம்தான் தலைகீழ்.

மருத்துவர்களுக்கும் இதே சந்தேகம் வெகுநாள் இருந்தது. பிள்ளை சரியாகத் திரும்பாமல் இழுத்துக்கொண்டே போகும் பிரசவத்தில்தான் வலி அதிகம். அவள்தான் ஊசி கேட்பாள், அவளுக்குத்தான் சிசேரியனும் ஆகும். சர்வர் படுத்த ராத்திரியில்தான் எங்கள் டீம் மொத்தமும் ஆபீசில் இருக்கும். அதற்காக டீம்தான் சர்வரைப் படுக்க வைத்தது என்று ரிப்போர்ட் எழுத முடியுமா?

டப்ளினில் ஒரு மகப்பேறு மருத்துவமனையில், முதல் பிரசவத்துக்கு வந்த பெண்களிடையே எபிடியூரல் 1987இல் 10 சதவீதம், 1994இல் 57 சதவீதம். சிசேரியன் இரண்டு வருடங்களிலும் 4 சதவீதம்தான். 2018இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வும் எபிடியூரலால் சிசேரியன் கூடவில்லை என்றே சொல்கிறது. இங்கே நிலைமை என்ன? 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 63.8. எபிடியூரல் பரவலாகாத மாநிலத்தின் கணக்கு இது. பழியை வேறெங்கோதான் தேட வேண்டும்.

சரி, ஊசி நிரபராதி. ஆனால் நிரபராதி என்று நிரூபித்த பிறகுதான் ஒரு பெண் அதைக் கேட்கலாமா? ஒரு பேச்சுக்கு, நூற்றில் இரண்டு சிசேரியன் கூடுதலாகும் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்த இரண்டையும் தன் வலியையும் தராசில் வைத்துப் பார்க்க வேண்டியவள் அவள்தானே? துறைமுகத்தில் விரல் நசுங்கி வருபவரிடம் "கொஞ்சம் தாங்கிக்கோங்கண்ணே, அப்பதான் ஆம்பளை" என்று எந்த டாக்டரும் சொல்வதில்லை. பிரசவ அறையில் மட்டும் வலி ஒரு தகுதித் தேர்வாகிவிடுகிறது. வலியோடு நடப்பதற்கு நாம் வைத்திருக்கும் பெயரே சுகப்பிரசவம்!

எபிடியூரலுக்கும் விலை உண்டு. ரத்த அழுத்தம் இறங்கலாம், காய்ச்சல் வரலாம், பிள்ளையை முக்கித் தள்ளும் கட்டம் நீளலாம். தாங்கியே பெறுவேன் என்பவளின் முடிவும் முடிவுதான். ஆனால் இதையெல்லாம் வலி உச்சத்தில் இருக்கும்போது சொல்லி, கையெழுத்து கேட்பது சம்மதம் ஆகாது. மாதாந்திர செக்கப்பிலேயே, மாமியாரும் புருஷனும் பதில் சொல்வதற்கு முன்னால், அவளிடம் பேச வேண்டும்.

பேசினால் மட்டும் போதுமா? எபிடியூரல் போட மயக்க மருத்துவர் வேண்டும், போட்ட பிறகு கூடவே இருந்து கவனிக்க ஆள் வேண்டும். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். போல வடசென்னைப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் பிறக்கும் அரசு மருத்துவமனைகளில் அவசர ஆபரேஷனுக்குத்தான் முதலிடம், அது நியாயமும்கூட. அப்படியானால் இன்னும் அதிக மயக்க மருத்துவர்களைக் கேட்க வேண்டியது நம் வேலை. காசு இருப்பவளுக்கு ஊசி, இல்லாதவளுக்குப் பொறுமையைப் பற்றிய அறிவுரை என்று பிரித்து வைத்துவிட்டு, அதற்குத் தாய்மை என்று பேர் வைக்கக் கூடாது.