மஹேஷ்வரின் படித்துறைகள்

நர்மதை மேற்கு நோக்கிப் பாயும் நதி. அமர்கண்டக் மலையில் தோன்றி 1,312 கிலோமீட்டர் ஓடி, குஜராத்தின் பரூச் நகரைக் கடந்து கடலில் கலக்கிறது. அதன் வடகரையில், இந்தூரிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது மஹேஷ்வர் என்னும் சிற்றூர். கோட்டை மதிலின் அடியிலிருந்து கருங்கற்படிகள் அகன்று இறங்கி நதியைத் தொடுகின்றன. மாலை வேளையில் நதியிலிருந்து பார்த்தால் மதிலும் மாடங்களும் கோபுரங்களும் படிகளும் ஒரே கல்லில் குடைந்தவை போலத் தோன்றும். இக்காட்சிக்காகவே இன்று பலர் அங்கு செல்கின்றனர். படகில் ஏறுகிறார்கள், படம் எடுக்கிறார்கள், நெசவுச் சேலை ஒன்றை வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். அதில் குற்றம் ஏதுமில்லை. ஆனால் அந்தப் படிகளில் நடந்தது என்னவென்று அறிந்தவன் அங்கே சற்று நேரம் பேச்சின்றி நிற்பான்.

நர்மதையை வலம்வரும் பரிக்கிரமவாசிகளுக்கு இவ்வூர் வேறு விதமாகத் தெரிகிறது. நதியை எப்போதும் வலப்புறம் வைத்தே அவர்கள் நடக்க வேண்டும். நடுவில் எங்கும் கடக்கலாகாது. ஓங்காரேஷ்வரில் தொடங்கித் தென்கரை வழியே மேற்கே செல்பவர், எதிர்க்கரையில் மஹேஷ்வரின் கோட்டையைக் காண்பார். கூப்பிட்டால் கேட்கும் தொலைவுதான். எனினும் அங்கே போக அவருக்கு உரிமையில்லை. கடல்வரை சென்று, கழிமுகத்தைத் தோணியில் கடந்து, வடகரை வழியே திரும்பி வரும்போதுதான் அந்தப் படிகளில் கால் வைப்பார். அருகில் இருப்பதை அடைய அத்தனை தூரம் நடப்பது வீண் என்று அவர்களில் ஒருவரும் நினைப்பதில்லை.

அத்தென்கரையில் நாவ்டாடோலி என்னும் சிறு கிராமம் இருக்கிறது. 1950களில் தொல்லியலாளர் எச்.டி. சங்காலியா தலைமையில் நடந்த அகழாய்வில், மூவாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட குடியிருப்பு ஒன்று அங்கே வெளிப்பட்டது. வண்ணம் தீட்டிய மட்கலங்கள், வட்டமாகவும் சதுரமாகவும் அமைந்த குடிசைகளின் தடங்கள், கருகிய தானியங்கள் ஆகியவை கிடைத்தன. பெயர் தெரியாத அந்த மக்களும் இதே துறையில் நீர் மொண்டவர்கள்தாம்.

ஆயிரம் கைகள்

புராணங்கள் கூறும் மாஹிஷ்மதி நகரம் இதுவே என்பது அறிஞர் பலரின் கருத்து. மண்ட்லா என்னும் ஊரைச் சுட்டுவோரும் உண்டு. மாஹிஷ்மதியை ஆண்டவன் கார்த்தவீரியார்ஜுனன். தத்தாத்ரேயரின் அருளால் ஆயிரம் கைகளைப் பெற்றவன் அவன். நீர் விளையாட்டின்போது அவன் தன் கைகளால் நர்மதையைத் தடுத்து நிறுத்தினான். நதி கரைபுரண்டு எதிர்த்து ஓடியது. கரையில் சிவபூஜை செய்துகொண்டிருந்த இராவணனின் பூக்கள் அந்த வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. சினந்து போருக்கு வந்த இராவணன் சிறைப்பட்டான். மஹேஷ்வரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், நதி கரும்பாறைகளினூடே எண்ணற்ற ஓடைகளாகப் பிரிந்து ஓடும் இடத்தை சஹஸ்ரதாரா என்கின்றனர். நீர் குறைந்த காலத்தில் அதைப் பார்ப்பவர், ஆயிரம் விரல்களின் இடுக்கில் நதி நழுவிச் செல்கிறது என்ற கற்பனை எப்படிப் பிறந்திருக்கும் என்பதை எளிதில் உணர்வர்.

இராவணனையே வென்றவனின் கதை எங்கே முடிந்தது? ஜமதக்னி முனிவரின் ஆசிரமத்தில் விருந்துண்டவன், அந்த விருந்தை அளித்த பசுவைத் தனக்கென்று கவர்ந்து சென்றான். பரசுராமரின் மழு அந்த ஆயிரம் கைகளையும் வெட்டிச் சாய்த்தது. வலிமை அவனுக்கு அருளால் கிடைத்தது; 'எனது' என்னும் எண்ணத்தை மட்டும் அவன் தானே சேர்த்துக்கொண்டான்.

ஸ்ரீ சங்கரரும் மண்டன மிஸ்ரரும் வாதம் புரிந்த தலமும் மாஹிஷ்மதியே என்று சங்கர விஜய நூல்கள் கூறுகின்றன. மண்டனரின் மனைவி உபயபாரதி நடுவராக இருந்து இருவர் கழுத்திலும் மாலை அணிவித்த செய்தி பலரும் அறிந்தது. விதிக்கப்பட்ட கர்மமே முடிவான பயனைத் தரும் என்பது மீமாம்சகரான மண்டனரின் தரப்பு. கர்மம் எத்தனை உயர்ந்ததாயினும் விடுதலையைத் தராது. பற்றின்றிச் செய்யும்போது அது மனத்தைத் தூய்மையாக்கும், ஞானமே விடுவிக்கும் என்பது சங்கரரின் தரப்பு. நதியின் மேற்புறத்தில் உள்ள ஓங்காரேஷ்வரில்தான் அவர் இளம்வயதில் கோவிந்த பகவத்பாதரைக் கண்டார் என்பது மரபு. அங்கே 2023ஆம் ஆண்டு செப்டம்பரில் 108 அடி உயரச் சிலை திறக்கப்பட்டது. பாலகனான சங்கரரை அதில் காணலாம். அந்த வாதத்தைச் சிந்திக்க விரும்புவோர் சிலையோடு நின்றுவிடாமல் மஹேஷ்வர் கோட்டைக்குள்ளும் செல்ல வேண்டும். பற்றின்றிச் செய்யும் கர்மம் எப்படி இருக்கும் என்ற கேள்விக்கு அங்கே ஒரு வாழ்க்கையே விடையாக இருக்கிறது.

ஒரு கை

கோட்டைக்குள் அரண்மனையைத் தேடுபவர் ஏமாந்து போவர். மரத்தூண்கள் தாங்கும் தாழ்வாரமும் முற்றமும் கொண்ட எளிய வீடு ஒன்றே அங்கிருக்கிறது. தரையை ஒட்டிய மெத்தைதான் சிம்மாசனம். அதில் வெள்ளுடையில் ஒரு பெண்மணியின் உருவம் அமர்ந்திருக்கிறது. அவருடைய உருவங்கள் எங்கே இருந்தாலும் உள்ளங்கையில் ஒரு சிவலிங்கம் காணப்படும். அவரே அகல்யாபாய் ஹோல்கர்.

1725இல் மகாராஷ்டிரத்தின் சௌண்டி கிராமத்தில் பிறந்தவர். மால்வாவை ஆண்ட மல்ஹார்ராவ் ஹோல்கரின் மருமகளானார். 1754இல் கும்பேர் முற்றுகையில் கணவர் கண்டேராவ் பீரங்கிக் குண்டுக்கு இரையானார். உடன்கட்டை ஏற முனைந்த அகல்யாவை மாமனார் கண்ணீருடன் தடுத்தார். முதியவனான தனக்கும் நாட்டுக்கும் வேறு துணையில்லை என்று மன்றாடினார். அவர் உயிரோடிருக்க இசைந்தார். 1766இல் மல்ஹார்ராவ் மறைந்தார். மறு ஆண்டே ஒரே மகன் மாலேராவும் இறந்தார். அதன்பின் ஏறக்குறைய இருபத்தெட்டு ஆண்டுகள், 1795இல் மறையும் வரை, அவரே ஆட்சி செய்தார். தலைநகரை நர்மதைக் கரைக்கு மாற்றினார். படைகளை நடத்தும் பொறுப்பைத் துகோஜி ஹோல்கரிடம் ஒப்படைத்தார்.

அரசு ஆணைகளில் அவர் தம் பெயரை எழுதவில்லை. 'ஸ்ரீ சங்கர்' என்றே ஒப்பமிட்டார் என்பது வழக்கு. நாடு சிவபெருமானுடையது, தாம் அதைக் கவனிக்கும் காரியதரிசி என்பதே அவரது எண்ணம். இது வெறும் பணிவுச் சொல்லன்று. ஹோல்கர் அரசில் குடும்பத்துக்குரிய 'காஸ்கி' செல்வமும் அரசின் கருவூலமும் தனித்தனியே இருந்தன. அவரது அறப்பணிகளுக்கான பொருள் காஸ்கியிலிருந்தே சென்றது. 1780இல் காசி விஸ்வநாதர் ஆலயத்தை மீண்டும் எழுப்பினார். சோமநாதம், கயை எனத் தொடங்கி இராமேஸ்வரம் வரை கோவில்கள், படித்துறைகள், கிணறுகள், சத்திரங்கள் என அவரது கொடை பரவியது. அவற்றுள் பெரும்பாலானவை அவர் ஆண்ட எல்லைக்கு வெளியே இருப்பவை. வரி தராத மக்களுக்கும், தம்மை அறியாத யாத்திரிகர்களுக்கும் செய்த அறம் அது. தம் பெயரால் தம் ஊரிலேயே பெரிய கட்டடம் எழுப்பிக்கொள்ளும் ஆட்சியாளர்களே எக்காலத்திலும் அதிகம்!

அவர் மறைந்து கால்நூற்றாண்டு கழித்து மால்வாவை நிர்வகித்த ஆங்கில அதிகாரி ஜான் மால்கம், ஊர்தோறும் அவரைப் பற்றி விசாரித்தார். எவரிடமும் புகழைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை என்று 1823இல் வெளிவந்த தம் நூலில் பதிவு செய்தார். அவர் பதிவு செய்த இன்னொன்று நெஞ்சை உலுக்குவது.

அகல்யாபாய்க்கு எஞ்சியிருந்தவர் மகள் முக்தாபாய் மட்டுமே. பேரன் இளவயதில் இறந்தான். 1791இல் மருமகன் யஷ்வந்த்ராவ் பான்சேயும் இறந்தார். முக்தாபாய் உடன்கட்டை ஏறத் துணிந்தார். நாட்டையே ஆளும் தாய், மகளின் முன் தரையில் விழுந்து, தன்னைத் தனியே விட்டுப் போக வேண்டாம் என்று கெஞ்சினார். மகளோ அமைதியாகச் சொன்னது இதுதான்: தாய்க்கு வயதாகிவிட்டது, இன்னும் சில ஆண்டுகளில் அவரும் போய்விடுவார், அதன்பின் தன் வாழ்வுக்கு என்ன பொருள்? தாய் தோற்றார். சிதை வரை நடந்தார். தீ எழுந்தபோது இருவர் அவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. எல்லாம் முடிந்தபின் நர்மதையில் நீராடி வீடு திரும்பினார். மூன்று நாட்கள் உணவும் இல்லை, ஒரு சொல்லும் இல்லை.

இந்நிகழ்ச்சியைத் தியாகம் என்று மெருகூட்டிச் சொல்வது தவறு. அவ்வழக்கம் கொடியது, உயிரோடிருந்து கடமை செய்வதே மேல் என்பதற்கு அகல்யாபாயின் வாழ்வைவிட வேறு சான்று வேண்டியதில்லை. தாம் மாமனாரின் சொல்லுக்கு இணங்கியதுபோலத் தம் சொல்லுக்கு மகள் இணங்கவில்லை. ஒரு நாட்டின் வழக்குகளையெல்லாம் தீர்த்து வைத்தவரால் தம் வீட்டு வாசலில் நின்ற தீயைத் தடுக்க முடியவில்லை. பற்றற்ற செயல் என்றால் நெஞ்சம் கல்லாகிவிடுவது என்று பலர் எண்ணுகின்றனர். கரையில் கதறிய அந்தத் தாயைக் கண்டவர் அப்படிச் சொல்லமாட்டார். அவர் துயரம் முழுமையானது. அதன்பின் மீண்டும் அந்தத் தாழ்ந்த மெத்தையில் அமர்ந்து மக்களின் குறைகளைக் கேட்டாரே, அதுவும் முழுமையானது. 'என் நாடு' என்று எண்ணியிருந்தால், வாரிசு எவருமின்றி எல்லாம் போன பின்பு அதை யாருக்காக ஆள்வது என்ற கேள்வி அவரை வீழ்த்தியிருக்கும். நாடு வேறொருவருடையது; ஆகவே வேலை நிற்கவில்லை. மேலும் நான்காண்டுகள் அவர் உழைத்தார்.

இவ்வூரின் படித்துறைகளில் ஒன்று பான்சே துறை என்றே அழைக்கப்படுகிறது. மருமகனின் குலப்பெயர் அது. விடுமுறை நாட்களில் அங்கே குழந்தைகள் குதித்து நீராடுகின்றனர். பெண்கள் துணி அலசுகின்றனர். மேலே நெசவுக்கூடங்களில் தறிகள் ஓடுகின்றன. அகல்யாபாய் பல ஊர்களிலிருந்து நெசவாளர்களை வரவழைத்துக் குடியமர்த்தியதால் வளர்ந்த தொழில் அது. நலிந்துபோன இத்தொழில் 1970களின் இறுதியில் மீண்டும் தளிர்த்தது. கோட்டைச் சுவரில் உள்ள கோலங்களும் நதியின் அலையும் இன்றும் அச்சேலைகளின் கரைகளில் இடம்பெறுகின்றன.

கோட்டைக்குச் செல்பவர் காலையிலேயே செல்வது நல்லது. வெயில் ஏறுமுன், அகல்யாபாய் ஏற்படுத்திய லிங்கார்ச்சனை அங்கே நடைபெறுகிறது. அந்தணர்கள் நதிமண்ணைப் பிசைந்து, விரல்நுனி அளவே உள்ள லிங்கங்களை மரப்பலகைகளில் வரிசை வரிசையாகப் பிடித்து வைக்கின்றனர். அவை ஆயிரக்கணக்கில் இருக்கும். அவற்றுக்கு முறைப்படி பூஜை நடக்கிறது. முடிந்ததும் பலகைகளைப் படிகளின் வழியே எடுத்துச் சென்று, அத்தனை லிங்கங்களையும் நர்மதையில் விடுகின்றனர். சிறிது நேரம் நீர் கலங்கித் தெரியும். மறுநாள் அதே கரையிலிருந்து மறுபடி மண் எடுக்கின்றனர்.