விட்டுப்போன எண்

திருவேங்கடத்தில் எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு அழைப்புப் பட்டியல் எழுதியவன் நான். ஒரு சித்தியின் பெயர் விட்டுப்போயிற்று. ஆனாலும் அவள் வந்து பந்தியில் பரிமாறினாள்.

கணிதமேதை ராமானுஜனும் ஒரு பட்டியல் போட்டார். 12ஐ மீதமின்றி வகுப்பவை 1, 2, 3, 4, 6, 12 என ஆறு. அதற்குக் கீழே எந்த எண்ணுக்கும் இத்தனை இல்லை. இப்படித் தனக்குக் கீழுள்ளவற்றை மிஞ்சும் எண்களின் பட்டியல் அது. 1915இல் வெளிவந்தது. அதில் 293318625600 விட்டுப்போயிற்று. அதை வகுக்கும் எண்களோ 5,040!

மேதை மறந்ததால் அந்த எண்ணில் ஒன்றாவது குறைந்ததா? இல்லை. இந்த நியாயத்தைச் சொல்லி நானும் தப்பித்துக்கொள்ளப் பார்த்தேன். ஆனால் எண்ணுக்கு மனசு கிடையாது, சித்திக்கு உண்டு.

மறுநாள் வெற்றிலை பாக்குடன் அவள் வீட்டுப் படியேறினேன்.