மட்டசனமும் நம் பந்தியும்



தலையான பாவங்கள் ஏழு என்று ஞானோபதேசத்தில் மனப்பாடம் செய்தோம். அவற்றுள் ஐந்தாவது போசனப்பிரியம். அதற்கு எதிரான புண்ணியம் மட்டசனம். இந்நாளைய பிள்ளைகள் இந்த வார்த்தையைக் கேட்டு விழிக்கிறார்கள். அசனம் என்றால் உணவு. மட்டாக உண்பது மட்டசனம். திருநாள்தோறும் நாம் இடுகிற அசனமும் இதே வார்த்தைதான். இந்த இரண்டு வார்த்தைகளையும் வைத்து நான் செய்த ஒரு தப்பிதத்தை இன்று உங்கள் முன் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நம் திருநாள் அசனத்தில் ஒரு சகோதரி அமர்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியின் கால் முறிந்தது. அவர் தரையில் விழுந்தார். சாம்பார் வாளியோடு பக்கத்தில் நின்ற நான், “நாற்காலி மட்டசனம் கேட்கிறது போலிருக்கிறதே, அம்மா!” என்று ஒரு வேடிக்கை சொன்னேன். பந்தி முழுவதும் சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு எழுந்து, பாதி உண்ட இலையை மடித்துவிட்டு வீட்டுக்குப் போனார். அதன்பின் ஐந்து மாதம் அவரை ஞாயிறு பூசையில் காணவில்லை. அவர் பெயரை நான் எழுதவில்லை. அன்று பந்தியில் இருந்தவர்களுக்குத் தெரியும். சிரித்தவர்களும் அவர்களே ஆதலால் வெளியே சொல்லமாட்டார்கள் என்று நம்புகிறேன். மற்றபடி இதை எழுத அவரே சம்மதம் தந்தார்.

போசனப்பிரியம் என்பது என்ன? பருத்த சரீரமா? பாப்பரசராயிருந்த அர்ச். கிரகோரியார் ஐந்து வகையாக அதைப் பிரித்தார்; அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் அதையே எடுத்து விளக்கினார். வேளைக்கு முந்தி உண்பது, விலையுயர்ந்ததையே தேடுவது, மிஞ்சி உண்பது, ஆவலாய் விழுங்குவது, பக்குவத்தில் குற்றம் கண்டுகொண்டே இருப்பது. இந்த ஐந்திலும் சரீரத்தின் பருமன் எங்கே வருகிறது? நான் மெலிந்தவன். ஆனால் நின்றுகொண்டே அள்ளிப் போட்டுக்கொள்கிறவன். உப்புக் குறைந்தால் சமையற்காரரிடம் முகம் சுளிக்கிறவன். கிரகோரியாரின் கணக்குப்படி அன்று அந்தப் பந்தியில் நின்ற போசனப்பிரியன் யாரென்று எனக்கு இப்பொழுது தெரிகிறது. இத்தனைக்கும் அர்ச். தோமாசே பெருத்த உடம்புக்காரர். அவருக்காக மேசையின் விளிம்பை வளைவாக வெட்டினார்கள் என்று ஒரு கதைகூட உண்டு. கதை மெய்யோ பொய்யோ, நாற்காலி முறிந்த கதையைவிட அது மரியாதையானது.

நம் சகோதரி சிவகாசியில் ஓர் அச்சகத்தில் நாட்காட்டி அடுக்கித் தைக்கும் வேலை செய்கிறவர். எட்டு மணி நேரம் உட்கார்ந்த வேலை. முதல் பிரசவத்துக்குப் பின் எடை ஏறத் தொடங்கி 112 கிலோவில் நின்றது. நீரிழிவுக்கு நாள்தோறும் இரண்டு வேளை இன்சுலின். இரவில் மல்லாந்து படுத்தால் மூச்சு அடைத்து விழித்துக்கொள்வார். முழங்கால் வலியால் முழந்தாளிட முடியாது. அதனால் கடைசி வரிசையில் நின்றே பூசை காண்பார். அதையும் நாம் பக்திக் குறைவு என்றோம். பட்டினி கிடந்தார், கொள்ளு குடித்தார், காலையில் இரயில்வே பீடர் ரோட்டில் நடந்தார். பத்துக் கிலோ இறங்கும், பன்னிரண்டு ஏறும். இது மனவுறுதி இல்லாமையால் மட்டும் நேர்வதன்று. எடை குறையும்போது சரீரம் அதைப் பஞ்சகாலம் என்று எண்ணிக்கொண்டு பசியைக் கூட்டுகிறது, செலவைச் சுருக்குகிறது. பஞ்சத்தில் நம்மைக் காக்கச் சர்வேசுரன் வைத்த அதே ஏற்பாடு, பண்டம் நிறைந்த காலத்தில் நமக்கு எதிராகத் திரும்புகிறது.

நம் சீமைக்குப் பஞ்சம் நன்றாய்த் தெரியும். விருதுநகரில் பிறந்த காமராஜர் முதலமைச்சராயிருந்து 1956-இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட ஏற்பாடு செய்தபோது, ஒட்டிய வயிறுகள்தான் அவர் கண்முன் இருந்தன. சற்றுச் சதை பிடித்த பிள்ளையைப் பார்த்தால் நம் பாட்டிமார் மகிழ்வது அந்த நினைவினால்தான். ஆனால் 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வில், 15 முதல் 49 வயதுள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் 100-க்கு 40 பேரும், ஆண்களில் 37 பேரும் அளவுக்கு மீறிய எடையுள்ளவர்கள் என்று கண்டார்கள். (விருதுநகர் எண்ணெய்ப் புரோட்டாவுக்கும் சாத்தூர்ச் சேவுக்கும் விரோதமாக நான் பிரசங்கிக்கப் போவதில்லை. நானும் அவற்றின் சிநேகிதன்.)

மதுரையில் வைத்தியர்கள் அவருக்கு இரைப்பையைச் சுருக்கும் அறுவைச் சிகிச்சையைச் சொன்னார்கள். இது புதிய வித்தை அன்று. அமெரிக்காவில் அயோவா சர்வகலாசாலையில் எட்வர்ட் மேசன் என்ற வைத்தியர் 1966-லேயே இரைப்பையின் பெரும் பகுதியை ஒதுக்கிவிட்டுக் குடலை மேலே இணைக்கும் முறையைச் செய்தார். நம் நாட்டில் அமைச்சர் நிதின் கட்காரி 2011-லும், அருண் ஜேட்லி 2014-லும் எடை குறைக்கும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார்கள். நம் சகோதரிக்குச் செய்தது ‘ஸ்லீவ்’ என்ற முறை. இரைப்பையில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்கை நீக்கி, வாழைப்பழம் போன்ற ஒரு குழாயை மட்டும் விட்டுவைக்கிறார்கள். நீக்குகிற அந்தப் பாகத்தில்தான் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்பு மிகுதியாய் உண்டாகிறது. ஆகவே இடம் குறைவதோடு பசியும் தணிகிறது.

சிகிச்சைக்கு முன் அவர் என்னிடம் வந்தார். அவர் கேட்ட கேள்வி இது: “சாமி, சர்வேசுரன் கொடுத்த நல்ல இரைப்பையை வெட்டி எறிவது பாவமில்லையா? வாயைக் கட்டத் தெரியாதவள் வயிற்றை வெட்டிக்கொண்டாள் என்று பேசுவார்களே?”

குருமடத்தில் படித்தது அன்றுதான் எனக்கு உபயோகப்பட்டது. பன்னிரண்டாம் பத்திநாதர் பாப்பரசர் 1953 அக்டோபர் 8-ஆம் தேதி வைத்தியர்களிடம் பேசும்போது இதே விஷயத்தைத் தொட்டார். உறுப்பு சுகமாகவே இருந்தாலும், அது இருப்பதோ இயங்குவதோ முழுச் சரீரத்துக்கும் பெருங்கேடாகுமானால், அந்தக் கேட்டை வேறு வழியால் தவிர்க்க முடியாதானால், வரும் நன்மை இழப்பை ஈடுசெய்யுமென நியாயமாக எதிர்பார்க்கலாமானால், அதை நீக்குவது தகும் என்பது அவர் போதனையின் சாரம். பாகம் முழுமைக்காக இருக்கிறது. பாவமில்லை என்று அவருக்குச் சொன்னேன். அதோடு நாற்காலி விஷயத்துக்கு மன்னிப்பும் கேட்டேன். “அன்றே மன்னித்துவிட்டேன், சாமி. ஆனால் அன்று முதல் கோவிலில் உட்காரப் பயம்” என்றார்.

ஒரு காரியத்தைக் கண்டித்துச் சொல்ல வேண்டும். கலியாணம் முடிய வேண்டுமென்று மகளை இந்தச் சிகிச்சைக்குத் தள்ளுகிற பெற்றோர் பாப்பரசர் சொன்ன நியாயத்துக்குள் வரமாட்டார்கள். 2009-இல் இந்திய வைத்திய நிபுணர்கள் வகுத்த வரம்பின்படி, ஐந்தடி இரண்டங்குல உயரமுள்ளவருக்கு எடை ஏறக்குறைய 93 கிலோவைத் தாண்டியிருக்க வேண்டும். நீரிழிவு போன்ற வியாதி உடனிருந்தால் 81 கிலோ. பிற்காலத்தில், 2022-இல், உலகச் சங்கங்கள் இந்த வரம்பை இன்னும் தளர்த்தின. ஆனாலும் இது ஆபத்தில்லாத காரியமன்று. 2024 ஏப்ரலில் எடை குறைக்கும் சிகிச்சைக்காகச் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போன புதுச்சேரி இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். அரசு விசாரணை நடத்தியது. விளம்பரப் பலகையைப் பார்த்து வைத்தியரைத் தேர்ந்துகொள்ளாதீர்கள்.

சிகிச்சை முடிந்து பதினான்கு மாதமாகிறது. இன்று அவர் எடை 74 கிலோ. இன்சுலின் நின்றது. இரவு தூங்குகிறார். சென்ற பெரிய வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் பதினான்கு ஸ்தலத்திலும் முழந்தாளிட்டார். அதைப் பார்த்து நான் ஜெபத்தில் ஓர் அடி விட்டுவிட்டேன். ஸ்வீடன் தேசத்தில் 1987-இல் தொடங்கி நெடுங்காலம் நடந்த ஆராய்ச்சி, இச்சிகிச்சை பெற்றவர்களுள் மரணம் குறைந்ததென்று 2007-இல் காட்டியது. ஆகவே இது வீண் ஆசையன்று.

ஆனால் வெளியே தெரியாதது ஒன்று உண்டு. முதல் இரண்டு வாரம் வெறும் நீராகாரம். பிறகு கூழாய்க் குழைந்தது. இரண்டாம் மாதத்தில்தான் சோறு, அதுவும் நாலைந்து கரண்டி. மென்று, மென்று, ஒரு வேளை உணவுக்கு அரை மணி நேரம். உண்ணும்போது தண்ணீர் கூடாது. நம் சிவகாசி வெயிலில் அது ஒரு தவம். நாளொன்றுக்கு 60 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான். பி12, இரும்பு, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகள் உயிருள்ளவரை. நாலாம் மாதம் தலைமுடி கற்றை கற்றையாய் உதிர்ந்தபோது அவர் அழுதார். கைச்சதை தொங்குகிறது, முழுக்கை ரவிக்கை போடுகிறார். இளம்பெண்களானால் ஓராண்டு, ஒன்றரை ஆண்டு கருத்தரிக்காமல் இருக்கச் சொல்கிறார்கள். ஆண்களுக்கு ஒரு வார்த்தை: இந்தச் சிகிச்சைக்குப் பின் மது விரைவாய் இரத்தத்தில் ஏறும், தீபாவளிப் போனஸ் நாளில் பழைய கணக்கில் குடிக்கிறவன் கெட்டான். பழைய நொறுக்குத் தீனி திரும்பினால் எடையும் மெல்லத் திரும்பும். எளிய வழியைத் தேடிக்கொண்டாள் என்கிறவர்கள், இந்த மட்டசனத்தை ஒரு தபசுகாலம் செய்து பார்க்கட்டும்.

அவருக்கு எல்லாவற்றிலும் கஷ்டமாயிருப்பது நம் வீடுகள். சென்ற மாதம் ஒரு கிரகப்பிரவேசத்தில், “ஒரு துண்டு கறிதானே, எனக்காக” என்று ஒரு மூதாட்டி வாயில் ஊட்டியே விட்டார். மென்று முடியுமுன் விழுங்கியதால் நெஞ்சில் அடைத்து, கொல்லைப்புறத்தில் வாந்தி எடுத்தார். வீட்டுக்காரர் மனம் நொந்தார், சகோதரி வெட்கப்பட்டார். “முன்பு நிறையத் தின்கிறேன் என்றார்கள், சாமி. இப்பொழுது மதிக்காமல் தின்ன மறுக்கிறேன் என்கிறார்கள். நான் எவ்வளவு தின்றால் இந்த ஊருக்குத் திருப்தி?” என்று கேட்டார். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

யாயீருடைய மகளை நம் ஆண்டவர் உயிர்ப்பித்த இடத்தில், அவர் அடுத்தபடி சொன்னதைக் கவனித்திருக்கிறீர்களா? பிள்ளைக்கு உண்ணக் கொடுங்கள் என்றார். எழுப்பியது அவர், ஊட்டுவது வீட்டாரின் வேலையாயிற்று. மரணப்படுக்கையிலிருந்து அப்பொழுதுதான் எழுந்த சிறுமிக்கு அந்தத் தாய் எதை, எவ்வளவு கொடுத்திருப்பாள்? கலியாண விருந்தையா?

ஆகையால் சில ஏற்பாடுகள். இச்சிகிச்சை செய்துகொண்டவர்கள், நீரிழிவுக்காரர், மற்ற வியாதியஸ்தர் யாரும் சாம்பல் புதனிலும் பெரிய வெள்ளியிலும் ஒருசந்திக்குக் கட்டுப்பட்டவர்களல்லர். சற்பிரசாதத்தை விழுங்கச் சிரமமானால் முன்கூட்டிச் சொல்லுங்கள். சிறு துணுக்காகத் தருவேன், அதிலும் முழுக் கிறிஸ்துநாதரே இருக்கிறார். வருகிற திருநாள் அசனத்தில் பரிமாறும் வாலிபர்கள், இலைமேல் கை மறித்தவருக்கு இரண்டாம் முறை போடக்கூடாது, காரணமும் கேட்கக்கூடாது. கைப்பிடி இல்லாத அகலமான இரும்பு நாற்காலிகள் ஆறு வாங்கியிருக்கிறோம். இரண்டைக் கோவிலின் முன்வரிசையில், சுரூபத்தின் பக்கமாகப் போட்டிருக்கிறேன். யார் வேண்டுமானாலும் உட்காரலாம். அவை இரண்டு ஆள் பாரம் தாங்கும் என்று பட்டறைக்காரர் உறுதி சொன்னார், நானும் கோவிற்பிள்ளையும் ஒன்றாய் ஏறி நின்று பார்த்துவிட்டோம்.

இங்ஙனம்,
உங்கள் பங்குக் குரு