பட்டியலில் வராத மனு

சென்னை உயர் நீதிமன்றத்தில் காலை 10.30 மணிக்கு நீதிபதி வந்து அமர்ந்ததும் கறுப்பு அங்கிகள் மேசையை நெருங்கி நிற்கும். பட்டியலின் முதல் வழக்கை அழைக்க இன்னும் சிறிது நேரம் இருக்கிறது. அதற்குள் ஒவ்வொரு வழக்கறிஞரும் தன் கட்சிக்காரரின் அவசரத்தை ஓரிரு வாக்கியத்தில் சொல்லி முடிக்க வேண்டும். நாளைக் காலை வீட்டை இடிக்க வருகிறார்கள். இன்று மாலையோடு டெண்டர் முடிகிறது. மாணவிக்கு நாளை கலந்தாய்வு. இதை 'மென்ஷன் பண்ணுவது' என்பார்கள். நீதிபதி இசைந்தால் மதிய இடைவேளை முடிந்து 2.15 மணிக்கே விசாரணை. அதற்கு 'லஞ்ச் மோஷன்' என்று பெயர். இசையாவிட்டால் மனு வழக்கமான வரிசைக்குப் போகும். எவருடைய குறை இன்று கேட்கப்படும், எவருடையது நாள் தெரியாமல் கிடக்கும் என்பது அரை நிமிடத்தில் முடிவாகிவிடுகிறது. இந்த முடிவை எந்தச் சட்ட இதழும் அச்சிடுவதில்லை.

தேர்ந்தெடுப்பதே தவறு என்று சொல்லிவிட முடியாது. அந்த நீதிமன்றத்துக்கு அனுமதிக்கப்பட்ட நீதிபதி இடங்கள் 75. அவையும் எப்போதும் நிரம்பியிருப்பதில்லை. நிலுவையோ லட்சக்கணக்கில். ரேஷன் கடை வரிசைபோல முதலில் வந்தவருக்கே முதலில் என்று வைத்தால், நாளை இடிபடவிருக்கும் வீட்டுக்காரரின் முறை வரும்போது அந்த இடத்தில் சாலையே போட்டு முடித்திருப்பார்கள். ஆகவே நீதிமன்றம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறது: இன்று தலையிடாவிட்டால் பிறகு சரிசெய்யவே முடியாத இழப்பு நேருமா? நல்ல கேள்விதான். இதைவிடச் சிறந்த அளவுகோல் எளிதில் அகப்படாது.

ஆனால் அதிலும் ஒரு கோணல் இருக்கிறது. கணவர் இறந்து பல ஆண்டுகளாகியும் குடும்ப ஓய்வூதியம் வந்து சேராத ஒரு மூதாட்டியின் மனுவை எண்ணிப் பாருங்கள். கருவூலம், கணக்காயர் அலுவலகம், கணவர் வேலை பார்த்த துறை என்று மூன்று இடங்களுக்கிடையே கோப்பு சுற்றிக்கொண்டிருக்கிறது. அவருக்கு நாளைக்கு என்ன ஆகிவிடும்? ஒன்றும் ஆகாது. நேற்று வராத பணம் நாளையும் வராது, அவ்வளவுதான். சுட்டிக்காட்ட ஒரு தேதி இல்லாததால் மென்ஷன் பண்ண அவருடைய வழக்கறிஞருக்கு வாய் எழாது. வழக்கில் வென்றால் பாக்கி முழுவதும் வட்டியோடு வந்துவிடும் என்பதால், சட்டத்தின் கண்ணில் இது ஈடுசெய்யக்கூடிய இழப்பு. 78 வயதில் வாங்க முடியாமல் விட்ட மருந்தை 83 வயதில் வட்டிப் பணத்தில் வாங்கி என்ன செய்வது என்பதற்கு அந்தக் கணக்கில் இடமில்லை. அதிகாரிகள் குறித்த தேதியை வைத்து அவசரத்தை அளக்கிறோம். மனுதாரருக்கு மிச்சமிருக்கும் காலத்தை வைத்து அளப்பதில்லை. மூத்த குடிமக்களின் வழக்குக்கு முன்னுரிமை தரலாம்தான். அதையும் யாராவது எழுந்து நின்று கேட்க வேண்டும். எழுந்து நிற்பவருக்கு ஃபீஸ் கொடுக்க வேண்டும்.

இந்தப் புகார் 1986இல் உச்ச நீதிமன்றத்தின் முன்பே ஒரு வழக்காக வந்து நின்றது. அந்த ஆண்டு செப்டம்பரில் இரண்டு பெரிய தொழிலதிபர்களின் ஜாமீன் மனுவுக்காக நீதிமன்றம் இரவில் கூடியது. பிகாரைச் சேர்ந்த ஒரு சட்ட உதவிச் சங்கம் அதைப் பிடித்துக்கொண்டது. அவர்களுக்காகக் கூடியது தவறு என்று சங்கம் வாதாடவில்லை. சிறையில் கிடக்கும் எளியவனின் ஜாமீன் மனுவுக்கும் இதே அக்கறை கிடைக்க வேண்டும் என்றது. தலைமை நீதிபதி பகவதியின் அமர்வு, பெரியவர் சிறியவர் என்ற வேறுபாடு தங்களுக்கு இல்லை, சொல்லப்போனால் ஏழைகளுக்கே முன்னுரிமை என்று பதில் சொன்னது. கீழே நடக்கும் தவறுகளையெல்லாம் உச்ச நீதிமன்றமே திருத்திக்கொண்டிருக்க முடியாது, அதற்குத் தேசிய மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று இருந்தால் நல்லது என்றும் சேர்த்துக்கொண்டது. அந்தப் பதிலைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. 2014இலும் 2015இலும் தூக்குத் தண்டனைக் கைதிகளுக்காக நள்ளிரவு தாண்டியும் நீதிபதிகள் மனுக்களைக் கேட்டிருக்கிறார்கள். அந்த இரவுகளிலும் வழக்கறிஞர்கள் நீதிபதிகளின் வீடு தேடிப் போனார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. நீதிமன்றத்துக்கு வேறுபாடு இல்லாமலிருக்கலாம். நீதிபதியின் வீட்டு வாசல் வரை போக ஆளுள்ளவருக்கும் ஆளற்றவருக்கும் இடையே வேறுபாடு இருக்கிறது.

வரிசைக்கு முன்னால் இன்னொரு வாசலும் உண்டு. தாக்கலான மனுவுக்கு முதலில் கிடைப்பது ஒரு எஸ்.ஆர். எண் மட்டுமே. பதிவுத்துறை சரிபார்த்து வழக்கு எண் கொடுத்த பிறகுதான் அது நீதிபதியின் மேசைக்குப் போகும். அதுவரை அது நூல் சுற்றிக் கட்டிய காகிதம். கட்டணம் போதாது, நான்காம் பக்கம் தெளிவாக இல்லை, தமிழ் ஆவணத்துக்கு மொழிபெயர்ப்பு வைக்கவில்லை என்று குறை எழுதி 'ரிட்டர்ன்' போடுவார்கள். இதில் முறையிட ஒன்றுமில்லை. ஜூனியர் வழக்கறிஞர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள். சில சமயம் அதே சீட்டில் இன்னொரு வரியும் இருக்கும்: இந்த மனு எப்படி நிலைக்கத்தக்கது? இது எழுத்தர் கேட்கக்கூடிய கேள்வி அல்ல. சென்னை உயர் நீதிமன்றத்தில் தாக்கலான ஒரு முன்ஜாமீன் மனுவுக்கு, அது சட்டப்படி நிலைக்காது என்று பதிவுத்துறை எண் தர மறுத்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. எண் இடுவது வெறும் நிர்வாக வேலை, மனு நிலைக்குமா என்பதை நீதிபதிதான் தீர்மானிக்க வேண்டும் என்று 2019இல் தீர்ப்பானது. சிலப்பதிகாரத்தில் பாண்டியனின் வாயில்காவலன் செய்ததும் அதுதான். கையில் சிலம்போடு நின்றவளைக் கண்டு நடுங்கினாலும் அவளைத் திருப்பி அனுப்பவில்லை. உள்ளே போய், இப்படி ஒருத்தி வந்து நிற்கிறாள் என்று அரசனிடம் சொன்னான். வரச் சொல்வதா வேண்டாமா என்பது அரசன் பாடு.

வாசலுக்கே வர முடியாதவர்களும் இருந்தார்கள். பர்லாகிமிடி ஜமீனின் குடியானவர்கள், வருவாய் வாரியம் தங்கள் தீர்வையை உயர்த்தியதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் கேட்டார்கள். வாரியம் இருந்தது சென்னையில். நிலம் இருந்தது வடக்கே கஞ்சத்தில். நகர எல்லைக்கு அப்பாற்பட்ட அந்த விவகாரத்தில் ரிட் பிறப்பிக்க அதிகாரமில்லை என்று 1943இல் லண்டன் பிரிவி கவுன்சில் கைவிரித்துவிட்டது. 1950இல் அரசியலமைப்பின் 226ஆம் பிரிவு அந்த எல்லைக்கல்லைப் பிடுங்கி எறிந்தது. 2004இல் மதுரையில் கிளை திறந்த பிறகு, நாகர்கோவிலிலிருந்து ராத்திரி ரயிலேறிச் சென்னைக்கு வந்தவர்களின் பாடும் குறைந்தது.

இப்படித் திறந்த வாசலில் மறுப்பவர் காரணம் சொல்ல வேண்டுமா? உச்ச நீதிமன்றத்துக்கு 136ஆம் பிரிவின்கீழ் வரும் சிறப்பு அனுமதி மனுக்களில் ஏராளமானவை 'தள்ளுபடி' என்ற ஒற்றைச் சொல்லோடு முடிகின்றன. அதனால் கீழ் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் ஆமோதித்துவிட்டதாகப் பொருள் இல்லை என்று 2000இல் ஒரு கேரள வழக்கில் விளக்கம் தரப்பட்டது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்திலும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வரும் மனுக்களில் 60, 70 மட்டுமே விசாரணைக்கு எடுக்கப்படுகின்றன. மற்றவை பெரும்பாலும் காரணமின்றி மறுக்கப்படுகின்றன. அங்கே ஒரு பெருந்தன்மையும் உண்டு. ஒன்பது நீதிபதிகளில் நால்வர் விரும்பினாலே மனு விசாரணைக்கு வந்துவிடும். வெல்லத்தான் ஐவர் வேண்டும். 1962இல் புளோரிடா சிறையிலிருந்து ஒரு கைதி பென்சிலால் எழுதி அனுப்பிய மனு அப்படி எடுக்கப்பட்டதுதான். குற்றம் சாட்டப்பட்ட வசதியில்லாதவருக்கு அரசே வழக்கறிஞர் வைத்துத் தர வேண்டும் என்ற 1963ஆம் ஆண்டுத் தீர்ப்பு அதிலிருந்து வந்தது.

ஒவ்வொரு மறுப்புக்கும் பக்கம் பக்கமாகக் காரணம் எழுத உட்கார்ந்தால், அந்த நேரம் அடுத்து நிற்பவரிடமிருந்து பிடுங்கியதாகும். ஆகவே உச்ச நீதிமன்றத்தின் ஒற்றைச் சொல்லைப் பொறுத்துக்கொள்ளலாம். அங்கே வருபவர் பெரும்பாலும் கீழே ஓரிரு இடங்களில் பேசி முடித்தவர். உயர் நீதிமன்றத்தில் ரிட் கேட்டு நிற்பவருக்கோ நீதிபதியின் முகத்தைப் பார்ப்பதே அதுதான் முதல் தடவையாக இருக்கலாம். அவருக்கு ஒரு பத்தியாவது காரணம் தர வேண்டும்.

காரணம் சொல்லாத தள்ளுபடியையாவது கையில் பிடிக்கலாம். அதில் தேதி இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, அதைக் கொண்டு மேலே போகலாம். மனு பட்டியலிலேயே வராவிட்டால் எதை எதிர்த்து மேல்முறையீடு செய்வது? தேர்தல் பத்திரங்களை எதிர்த்த மனுக்கள் 2017இலிருந்து உச்ச நீதிமன்றத்தில் இருந்தன. அந்தத் திட்டம் செல்லாது என்று 2024 பிப்ரவரி 15இல் தீர்ப்பு வந்தபோது 30 தவணைகளில் 16,000 கோடி ரூபாய்க்கு மேல் பத்திரங்கள் விற்று முடிந்திருந்தன. மனுதாரர்கள் வென்றார்கள், தடுக்க வந்ததைத் தடுக்க முடியவில்லை. எந்த வழக்கு எந்த அமர்வுக்குப் போகும் என்பது தலைமை நீதிபதியின் கையில் இருக்கிறது. அந்த அதிகாரம் பயன்படுத்தப்பட்ட விதத்தை எதிர்த்து நான்கு மூத்த நீதிபதிகள் 2018 ஜனவரியில் பத்திரிகையாளர்களையே கூட்டிப் பேசினார்கள். அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த அதிகாரத்தை உறுதி செய்தது.

தமிழ்நாட்டில் இந்தக் காத்திருப்பின் கூரிய முனை 1982ஆம் ஆண்டின் 14ஆம் சட்டத்தில் இருக்கிறது; ஊர் வழக்கில் 'குண்டர் சட்டம்'. வழக்கு விசாரணை இல்லாமலே ஒருவரை 12 மாதம் வரை சிறையில் வைக்கலாம். எதிர்த்து வருவது ஆட்கொணர்வு மனு. எல்லா மனுக்களுக்கும் முன்னே நிற்க வேண்டியது என்று சட்டப் புத்தகங்கள் சொல்லும் மனு அது. பதில் மனு தாக்கல் செய்ய அரசு அவகாசம் கேட்கும், வாய்தா விழும், மறுபடி பட்டியலுக்காகக் காத்திருக்க நேரும். அதற்குள் காவல் காலம் முடிந்துவிட்டால், இனி விசாரிக்க ஒன்றுமில்லை என்று மனு முடித்து வைக்கப்படும். அந்த ஆளை அடைத்து வைத்தது சரியா என்று எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பெரிய சீர்திருத்தம் எதுவும் தேவையில்லை. காவல் முடியும் தேதியை ஒவ்வொரு ஆட்கொணர்வு மனுவின் மேலட்டையிலும் பதிவுத்துறை எழுதட்டும். அந்தத் தேதியைப் பார்த்துப் பட்டியல் போடட்டும். 12 மாதக் காவலை எதிர்த்த மனு 11ஆம் மாதம் விசாரணைக்கு வருமானால், அதைத் தாமதம் என்று எழுதக் கூடாது. தள்ளுபடி என்றே எழுத வேண்டும்.