பக்கத்து இலைக்காரர்
(ஆடிக் கிருத்திகையை ஒட்டித் திருத்தணியில் நிகழ்த்திய சொற்பொழிவிலிருந்து)

கந்த சஷ்டிக்கு மற்ற முருகன் தலங்களில் சூரசம்ஹாரம் நடக்கும். திருத்தணியில் சம்ஹாரம் கிடையாது. கூடை கூடையாய்ப் பூவைக் கொட்டிச் சுவாமிக்குப் புஷ்பாஞ்சலி செய்வார்கள். சூரனோடு பொருத சினமும், வள்ளிக்காக வேடரோடு மோதிய சினமும் இந்த மலைக்கு வந்துதான் அடங்கின என்கிறது தல வரலாறு. அந்தச் சாமியை 365 படி ஏறிக் கும்பிட்டுவிட்டு இறங்குகிறோம். ஒரு கல்யாண மண்டபத்தில் இலை முன்னால் உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் நமக்குச் சினம் வந்துவிடுகிறது. யார் மேல்? பக்கத்து இலைக்காரர் மேல்!

அவர் ரசத்தைச் சர்ரென்று உறிஞ்சுகிறார். பாயசத்தை இலையில் விட்டு வழிக்கிறார். மோர் முழங்கை வரை வழிகிறது. ஏப்பம் வேறு. நமதோ ஆந்திர எல்லை ஊர். நகரி, புத்தூர்ப் பக்கத்து உறவுக்காரர் முதல் சோற்றிலேயே பப்பும் நெய்யும் ஆவக்காயும் போட்டு உருட்டுகிறார். 'சாம்பார் வருவதற்குள் அப்படி என்ன அவசரம்?' என்று நம்மவர் முகம் சுளிக்கிறார். பப்பைத் தொடாமல் சாம்பாருக்குக் காத்திருக்கும் நம்மைப் பார்த்து அவர் மனசுக்குள் என்ன சொல்கிறாரோ!

இதில் யாருக்கு என்ன நஷ்டம், சொல்லுங்கள். நம் கண்ணுக்கும் காதுக்கும் பிடிக்கவில்லை, அவ்வளவுதானே? இதே தணிகையில் முத்துசுவாமி தீட்சிதர் முன் முருகன் ஒரு கிழவராக வந்து, வாயைத் திறக்கச் சொல்லிக் கற்கண்டைப் போட்டார் என்பார்கள். தீட்சிதர் வாயைத் திறந்தார். 'கை அலம்பினீரா?' என்று கேட்டிருந்தால் அப்போது அவர் பாடிய 'ஸ்ரீநாதாதி குருகுஹோ' கீர்த்தனை நமக்குக் கிடைத்திருக்குமா?

ஆனால் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. பதினெண்கீழ்க்கணக்கில் ஆசாரக்கோவை என்று ஒரு நூல், பெருவாயின் முள்ளியார் செய்தது. உண்பதற்கு அதில் பல விதிகள். சிந்தாமல் உண், பேசாமல் உண் என்பதோடு நிற்கவில்லை. விருந்தினர், மூத்தோர், பசு, குழந்தை இவர்களுக்குக் கொடுத்த பிறகு நீ சாப்பிடு என்கிறது. பெரியவர்களோடு உண்ணும்போது அவர்களை முந்திக்கொண்டு தொடங்காதே, முந்தி எழாதே என்கிறது. அடுத்தவர் வயிற்றையும் மனத்தையும் பார் என்பதுதான் அதில் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ரசம் உறிஞ்சுகிறவரை விடுங்கள். இதில் தவறுகிறவரைக் கேட்கலாம்.

யார் அவர்? நீங்கள் மோர் சாதம் பிசைந்துகொண்டிருக்கிறீர்கள். உங்கள் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி ஒருவர் நிற்கிறார், அடுத்த பந்திக்கு இடம் பிடிக்க. அவர் தோள்பை உங்கள் காதில் இடிக்கிறது. 'இவங்க மோருக்கு வந்துட்டாங்க, நீ இங்க வா' என்று மனைவியைக் கூப்பிடுகிறார். உங்கள் தொண்டையில் சோறு இறங்குமா? ஒரு மனிதரைப் பாதிச் சாப்பாட்டில் எழுப்பிய பாவத்தில் பாதி இதற்கு உண்டு என்பேன்.

இன்னொருவர், 'போடு, போடு' என்று மூன்று ஜாங்கிரி வாங்கி, ஒன்றைக் கடித்துவிட்டு இலையை மூடுகிறார். வேறொருவர் பரிமாறுகிற பையனை 'ஏய்' என்கிறார். அந்தப் பையன் காலையிலிருந்து வாளியைத் தூக்கிக் குனிந்து நிமிர்கிறான். தன் இலை முன் அவன் உட்காரும்போது சாம்பாரில் காய் இருக்காது. செல்போனில் பேசிக்கொண்டே இலைக்கு மேல் கையை ஆட்டுகிறவருக்கு, போதும் என்கிறாரா, இன்னும் போடு என்கிறாரா என்று புரியாமல் அவன்தான் நிற்கிறான்.

கல்யாணப் பந்தியிலாவது பெண் வீட்டார் வந்து சமாதானம் சொல்வார்கள். 2021 செப்டம்பர் 16 முதல் சமயபுரம், திருச்செந்தூரோடு நம் திருத்தணிக் கோயிலிலும் நாள் முழுவதும் அன்னதானம் நடக்கிறது. அங்கே பக்கத்து இலைக்காரர் யாரோ, எந்த ஊரோ. உபசாரம் செய்ய நாம்தான் இருக்கிறோம். 'தாத்தாவுக்கு இன்னும் ரசம் வரல தம்பி' என்று குரல் கொடுக்க எத்தனை பேர் வாய் திறக்கிறோம்?

சரி, இங்கேயும் இலை போட்டாயிற்று என்று கைகாட்டுகிறார்கள். முதல் பந்திக்குக் கைக்குழந்தைக்காரர்கள், வயதானவர்கள், வெறுங்காலோடு காவடி எடுத்து வந்தவர்கள் வாருங்கள். மற்றவர்கள் தயவுசெய்து நாற்காலிக்குப் பின்னால் நிற்காமல், இங்கேயே உட்கார்ந்து ஒரு திருப்புகழ் பாடுவோம்.