கடனோடு திரும்பும் யாத்திரை



சில ஆண்டுகளுக்கு முன், நான் பங்கொன்றைப் பொறுப்பேற்றிருந்த வேளையில், வேளாங்கண்ணிக்கு யாத்திரை செல்வதென முடிவாயிற்று. ஞாயிறு பூசை முடிவில் அதனை அறிவித்தேன். ஆறு வாரத்தில் பணம் கட்ட வேண்டும் என்றேன். முதல் நாளே பெயர் கொடுத்தவர்களுள் ஒரு மீனவக் குடும்பமும் இருந்தது. தாய், தகப்பன், மூன்று பிள்ளைகள். மகிழ்ச்சியாகப் போய் வந்தோம்.

நான்கு மாதம் கழித்து அந்தத் தாய் என்னிடம் வந்தார்.

“சுவாமி, என்ரை தாலிக்கொடி அடைவிலை கிடக்குது. வட்டி கட்டேலாமல் ஏலத்துக்குப் போகப் போகுது.”

“இதை முன்னமே சொல்லியிருக்கலாமே, அம்மா?”

“எல்லாரும் போகேக்கை எங்கடை பிள்ளையளை மட்டும் எப்பிடிச் சுவாமி மறிக்கிறது?”

தாலிக்கொடி ஏலத்துக்கு முன் மீட்கப்பட்டது. ஆனால் அதற்காக மூத்த மகன் ஒரு தவணை முழுவதும் பள்ளிக்கூடம் போகாமல் தகப்பனோடு கடலுக்குப் போனான். ஆறு வாரத்தில் அவ்வளவு பணத்தை அவர்கள் எங்கிருந்து எடுப்பார்கள் என்று நான் ஒரு கணமேனும் எண்ணிப் பார்க்கவில்லை. அந்தக் கடனில் எனக்கும் பங்குண்டு.

அப்படியானால் பயணம் போவது தவறா? இல்லவே இல்லை. திருக்குடும்பமே ஆண்டுதோறும் பாஸ்காத் திருவிழாவுக்கு நாசரேத்திலிருந்து எருசலேமுக்குப் போய் வந்தது. உழைத்துக் களைத்த அப்போஸ்தலர்களைத் தனிமையான இடத்துக்குச் சென்று இளைப்பாறும்படி ஆண்டவரே அழைத்தார். ஓய்வும் மகிழ்ச்சியும் இறைவன் தந்த கொடைகள். கேள்வி ஒன்றுதான்: அந்த மகிழ்ச்சிக்குரிய பணம் பயணத்துக்கு முன் வருகிறதா, பின் வருகிறதா?

உபாகமம் 14ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். இஸ்ராயேலர் தம் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் ஒதுக்கி வைக்க வேண்டும். திருத்தலம் தொலைவில் இருந்தால், அதனை விற்றுப் பணமாக்கிக் கையில் கொண்டு போகலாம். அங்கே விரும்பியதை வாங்கி, வீட்டாரோடு உண்டு களிக்கலாம். காணியில்லாத லேவியனையும் மறக்கக் கூடாது. என்ன அழகான ஒழுங்கு! முதலில் சேமிப்பு, பின் பயணம், அதன் நடுவே ஏழைக்கும் ஒரு பங்கு. கையில் ஒன்றுமில்லாமல் கடன் வாங்கி விருந்து கொண்டாடுவோரைச் சீராக் ஆகமம் 18ஆம் அதிகாரம் கண்டிக்கிறது. கோபுரம் கட்டுமுன் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுகிற மனிதனை லூக்கா 14இல் ஆண்டவரும் நினைவூட்டுகிறார்.

நாமும் சற்று உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம். பயணமொன்றுக்கு 3 இலட்சம் ரூபா வேண்டும் என வைத்துக்கொள்வோம். மாதம் 10,000 ரூபா சேமித்தால் 30 மாதத்தில் சேர்ந்துவிடும். அதே தொகையைக் கடனட்டையில், ஆண்டுக்கு நூற்றுக்கு 24 வட்டியில் செலவழித்தால், முதல் மாத வட்டி மட்டுமே 6,000 ரூபா. மாதம் 10,000 கட்டினாலும் தீர ஏறக்குறைய 47 மாதம் பிடிக்கும். கட்டிய தொகை 4 இலட்சத்து 60 ஆயிரத்தைத் தாண்டியிருக்கும். பத்து நாட் பயணத்துக்கு நான்கு வருடக் கடன்!

வெளிநாடு போவோருக்கு இன்னுமொரு பாடம் உண்டு. 2022ஆம் ஆண்டு தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த அமெரிக்க டொலர், சில மாதங்களில் 360 ரூபாவளவுக்கு ஏறியது. மட்டுமட்டாகப் போட்ட கணக்கெல்லாம் அன்று உடைந்தது.

“கனடாவிலிருக்கும் தம்பி அனுப்புவான்” என்போரும் உளர். மனமுவந்து தருவது நன்று. ஆனால் அந்தத் தம்பி இரவு வேலையும் சேர்த்துச் செய்துதான் அனுப்புகிறானா என்று ஒருமுறையாவது கேட்டோமா?

ஆகவே, பெற்றோரே, ஒரு வருடத்துக்கு முன்னரே பயணத்தைத் தீர்மானியுங்கள். செலவை மாதங்களாற் பிரித்து, அதற்கெனத் தனிச் சேமிப்புப் புத்தகம் வையுங்கள். பிள்ளைகளுக்கும் கணக்கைக் காட்டுங்கள். அவர்களும் தங்கள் உண்டியலோடு வருவார்கள். சேராவிட்டால், இவ்வருடம் மடுவுக்குப் போய் வாருங்கள். கசூரினாக் கடற்கரையில் ஒரு நாள் சோறு கட்டிக்கொண்டு போய் இருங்கள். மடுவிலும் அதே மாதாதான் இருக்கிறார். அயலவர் காட்டும் படங்களுக்காக எவரும் தாலிக்கொடியைக் கழற்ற வேண்டியதில்லை.

பங்குத் தந்தையருக்கும் ஒரு வேண்டுகோள். யாத்திரையை ஒரு வருடம் முன்பே அறிவிப்போம். மாதாமாதம் சிறுகச் சிறுகப் பணம் சேர்ப்போம். இயலாத குடும்பமொன்றுக்கு, மற்றவர் அறியாமல், இடமொன்று ஒதுக்குவோம். லேவியனை மறவாதே என்ற கட்டளை எமக்கும் உரியது.

இன்றிரவு செபமாலை முடிந்ததும் குடும்பமாக உட்கார்ந்து பேசுங்கள். “போகலாமா?” என்று மட்டுமல்ல, “எதைக்கொண்டு போகிறோம்?” என்றும் கேளுங்கள். யாத்திரை போனவர்கள் வீடு திரும்பும்போது சமாதானத்தோடு திரும்ப, திருக்குடும்பம் எமக்காக மன்றாடுவதாக.